மீற்றிங் அறை லைற்

ஒக்டோபர், செவ்வாய் இரவு

இன்று அப்பாவின் செத்தவீடு. நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். ஊரில் பெட்டி தூக்கும் நேரம் இங்கே கனடாவில் விடியற்காலை. பிக்கரிங்கிலிருந்து முதல் ரெயினில் போய், ஒருவரும் வரமுன் ஒஃபிஸின் சின்ன மீற்றிங் அறையில் இருந்து போனில் பார்த்தேன். அங்கே அக்கா வீடியோ பிடித்துக்கொண்டு நின்றாள்.

அழுகை வரவில்லை. அசையாமல் இருந்தேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று கட்டிய புதுக் கட்டடம் அது. ஆள் அசையாவிட்டால், அறையில் ஒருவரும் இல்லையென்று லைற்றை அணைத்துவிடும். அணைத்தது.

“உன்ர முகம் தெரியேல்லையடி,” என்றாள் அக்கா.

வழக்கம்போலக் கையைத் தூக்கி ஆட்டினேன். லைற் வந்தது.

“ஐயோ, அப்பாவுக்குக் கை காட்டுறாள்! கொஞ்சம் பொறுங்கோ, தூக்காதேங்கோ!” அக்கா கத்திக்கொண்டே போனைப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோனாள். தூக்க வந்தவர்கள் நின்றார்கள். சுற்றி நின்ற எல்லோரும் அழுதார்கள்.

லைற்றுக்காக ஆட்டினேன் என்று எப்படிச் சொல்வது? திரும்பவும் ஆட்டினேன்.

பெட்டி போனபிறகு போனை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் லைற் மறுபடி அணைந்தது. இந்தமுறை நான் கையைத் தூக்கவில்லை.