ஜேபஸின் கித்தான் சட்டை

பெண்டிகோ, ஆகஸ்டு 1896

அன்பு மகள் தாம்சினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கூல்கார்டியில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாய் இருக்கக் கர்த்தர் கிருபை செய்யட்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரமாட்டேன் என்கிறது. உங்கப்பாவுக்குச் சுரங்கத்து இருமல் அப்படியேதான், உட்கார்ந்தபடி தூங்குகிறார். அங்கே காய்ச்சல் பரவுகிறதாமே, பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடு, மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும். அண்ணன் ஜேபஸைக் கப்பலேற்றி அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். இனி அது நடக்காதம்மா. வியாழக்கிழமை அவனைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நீ பார்த்த ஜேபஸா இவன்? பதினேழு வயதில் சுரங்கத்திலிருந்து ஏறி வந்து முகம்கூடக் கழுவாமல் பந்தோடு ஓடியவன், எட்டு வருஷம் நம் ஊருக்கு ஆடினான், கடைசி மூன்று வருஷம் அணித்தலைவன். குதிகாலால் மண்ணைக் குழித்துப் பந்தை நிறுத்தி ஓடி வந்து உதைத்தால் கம்பங்களுக்கு நடுவேதான் போகும். வேலி ஓரத்து வெளியூர்ப் பெண்கள் குடையால் குத்தி, “சுரங்கத்து எலியே, வளைக்குள்ள போடா” என்று கத்துவார்கள், இவன் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு அடுத்த கோலைப் போடுவான். சனிக்கிழமைதோறும் ஆட்டத்துக்குப் போடும் அந்தக் கித்தான் சட்டையை மாட்டிக்கொண்டு அடுப்படியில் என் முன்னால் வந்து நிற்பானே, நினைவிருக்கிறதா? “இழுத்துக் கட்டும்மா, ஒரு பயலுக்கும் பிடி கிடைக்கக் கூடாது” என்பான். நானும் மார்பில் கயிற்றைக் கோத்து மூச்சுப் பிடித்து இழுப்பேன். கம்பத்தில் தலை மோதி விழுந்தானே, அன்றைக்கும் எழுந்து ஆடி ஜெயித்துக் கொடுத்தான், ஊரே தோளில் தூக்கியது. அன்று தொடங்கிய தலைவலிதான் கொஞ்சம் கொஞ்சமாக அவனைத் தின்றுவிட்டது. போன வாரம் பால்காரர் பாஸ்கோ வாசலில் நின்றார், எதிரணிக்காரன் என்று நினைத்துப் பாய்ந்து சாய்த்துவிட்டான், பாவம், அவருக்கு விலா எலும்பு முறிந்துபோயிற்று. போலீஸ்காரர் வந்து, “இனி வீட்டுல வச்சுக்க முடியாதும்மா, நாளைக்கு ஒரு உசுரு போச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்றார். தோளில் தூக்கிய ஊரில் ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள், கையில் ஒரு கித்தான் சட்டை, நீளக் கை வைத்து, திமிறுகிறவர்களைக் கட்டிவைக்க முதுகுப்பக்கம் கயிறு போட்டது. உங்கப்பா கொல்லைப்புறம் போய்விட்டார். அடிதடி ஆகப்போகிறது என்றுதான் நினைத்தேன். அம்மாடி, சட்டையைப் பார்த்ததும் அவன் முகம் அப்படி மலர்ந்தது. தானே இரண்டு கையையும் நீட்டினான். “யாரோடம்மா ஆட்டம்?” என்று கேட்டான். பல்லாரட்காரர்களோடு என்றேன். “ஏன் முதுகுல கட்டுறாங்க?” என்றான். இந்த வருஷம் புது விதியப்பா என்றேன். தோளை அசைத்துப் பார்த்து, “இவங்களுக்குக் கட்டத் தெரியலம்மா, தொளதொளன்னு இருக்கு, நீ கட்டு” என்றான். அவர்கள் விலகி நின்றார்கள். நான்தான் கட்டினேன், தாம்சின். ஒரு பயலுக்கும் பிடி கிடைக்காதபடி இழுத்துக் கட்டினேன்.

தேறுவான் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கர்த்தர் உன்னையும் உன் பிள்ளைகளையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். தண்ணீர் விஷயத்தை மறந்துவிடாதே. அண்ணனுக்கு எழுதினால் உடம்பு எப்படி என்று கேட்காதே, ஜெயித்தீர்களா என்று மட்டும் கேள்.

உன் அம்மா
கெசியா கர்னோ