சனிக்கிழமை வரை பிரேக் சரி

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே அண்ணன் ஆரம்பித்துவிட்டான். லாரி ஷெட்டில் பன்னிரண்டு டிரைவர்கள். பதினொரு பேர் சாவியை வாங்கிக்கொண்டு பேசாமல் போகிறார்கள். இவன் மட்டும் என் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு, "ஒன்பதாம் நம்பர் வண்டியில பிரேக் லேட்டாத்தான் பிடிக்குது, எழுதிக்கோ" என்கிறான். போன வாரம் ஹாரன், அதற்கு முந்தின வாரம் கண்ணாடி. கூடப் பிறந்தவள் ஆபீசில் உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் உயிரை வாங்குவார்கள் போல. மெக்கானிக் இந்த வாரம் முழுக்க லீவு. "வந்ததும் பாக்கச் சொல்றேன், கிளம்பு" என்றேன்.

பிறகு சோதனைத் தாள்கள். டயர், விளக்கு, பிரேக் — ஒவ்வொன்றுக்கும் ஆறு நாள் கட்டம். தினமும் வண்டி கிளம்பும் முன் பார்த்து டிக் போட வேண்டியது. யார் பார்க்கிறார்கள்? திங்கட்கிழமையே சனிக்கிழமை வரைக்கும் போட்டுவிடுவது இங்கே வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிக்கொடுத்தது. பன்னிரண்டு தாள், பத்து நிமிடம்.

மார்ச் 4

மழை. கூரை சரியாக என் தலைக்கு மேல்தான் ஒழுக வேண்டுமா?

மார்ச் 5

மறுபடியும் அண்ணன். "அந்த மலை இறக்கத்துல பிரேக் போட்டா வயித்தக் கலக்குது." முதலாளி காதில் விழுந்துவிட்டது. "சரக்கு நாளைக்குப் போய்ச் சேரணும். உங்க அண்ணனுக்கு வயித்துல பிரச்சினைன்னா டாக்டரைப் பாக்கச் சொல்லும்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மார்ச் 6, வியாழன்

அந்த இறக்கத்தில் ஒன்பதாம் நம்பர் வண்டி கவிழ்ந்துவிட்டது. அண்ணனுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. உயிர் இருக்கிறது. வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. எழுத வரவில்லை.

மார்ச் 7

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஆபீஸ். விபத்துப் படிவத்தை நான்தானே நிரப்ப வேண்டும். 'காரணம்' என்ற கட்டத்தில் மூன்று வருடமாக ஒரே பதில்தான் எழுதுகிறேன்: டிரைவரின் கவனக்குறைவு. ஏழு விபத்து, ஏழு கவனக்குறைவு. தூங்கவிடாமல் ஓட்டவைத்தது, அளவுக்கு மீறின பாரம், மொட்டை டயர் — எல்லாம் அந்த இரண்டு வார்த்தைக்குள் அடங்கிவிடும்.

முதலாளி இந்த முறையும் அதையே எழுதச் சொன்னார். "உங்க அண்ணன்தான், இல்லங்கல. ஆனா தூங்கிட்டாருன்னு போட்டா எல்லாருக்கும் நல்லது." எல்லாருக்குமா? அவனுக்கு லைசென்ஸ் போகும். இருபது வருடமாக லாரி ஓட்டுகிறவனுக்கு வேறு என்ன தெரியும்? வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.

ஒன்பதாம் நம்பர் தாளை எடுத்தேன். வண்டி பள்ளத்தில் தலைகீழாகக் கிடக்கிறது. தாளில் இன்றைக்கும் பிரேக் சரி. நாளைக்கும் சரி. என் பச்சை மைப் பேனா. — ஐயோ, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன். ரெண்டு தடவை சொன்னானே.

மார்ச் 8

முதலாளியிடம் தாளைக் காட்டினேன். "கிழிச்சிட்டு வேற எழுதும்மா, வியாழன் வரைக்கும் மட்டும் டிக் போடு" என்றார், ஏதோ எழுத்துப் பிழையைத் திருத்தச் சொல்வது மாதிரி. தாளைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், விபத்தை விசாரிக்க வரும் அதிகாரியிடம் தாளைக் கொடுக்கப் போவதையும். "கொடுத்தா உனக்கு வேலை போயிடுமே" என்றான். திட்டியிருக்கலாம். திட்டவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மார்ச் 10

விசாரணை அதிகாரியிடம் தாளைக் கொடுத்தேன். அண்ணன் இரண்டு முறை புகார் சொன்னதையும் சொன்னேன். அவர் சனிக்கிழமைக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது யாரு போட்டது?"

"நான்தான் சார்."

"வண்டியப் பாத்தீங்களா?"

"இல்ல சார். எந்த வண்டியையும் பாத்ததில்ல."

மார்ச் 11

வேலை போய்விட்டது. மேஜையில் எனக்கென்று இருந்தது ஒரு தண்ணீர் பாட்டிலும் அந்தப் பச்சைப் பேனாவும். பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 16

அறிக்கை நகல் வந்தது. காரணம்: பிரேக் பழுது. டிரைவர் முன்கூட்டியே தெரிவித்தும் வண்டியை அனுப்பிய உரிமையாளர். சோதிக்காமலே குறியிட்ட அலுவலர். அண்ணனின் லைசென்ஸ் தப்பித்தது. மாவுக்கட்டுக் காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தான். "யாரு இந்த அலுவலர்? சரியான சோம்பேறியா இருப்பாங்க போல" என்றான். ஐந்து வாரம் கழித்துத் திட்டிவிட்டான். நிம்மதியாக இருந்தது.

மதியம் வேறொரு ஆபீசில் வேலை கேட்கப் போக வேண்டியிருந்தது. கிளம்பும்போது, "ஸ்கூட்டர்ல பிரேக் பாத்தியா?" என்று உள்ளேயிருந்து கேட்டான். "பாத்துட்டேன்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வாசலுக்குப் போய், இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன்.