கீழ் வீட்டு மோட்டார்

ஜனவரி 20, திங்கள்

இன்றும் சில மணி நேரம் மின்சாரம் வந்தது, தண்ணீர் வரவில்லை. மோட்டார் சும்மா கத்துகிறது. எங்கள் பசுந்தாங் பேட்டைக் கட்டடத்துக்குத் தெருக்குழாய் ஒன்றுதான். அதிலிருந்து அவரவர் குழாயும் மோட்டாரும் வைத்து இழுத்துக்கொள்கிறோம். தரைத்தளத்து நாஜியா பெரிய மோட்டார் வாங்கிய பிறகுதான் இரண்டாம் மாடியில் எனக்கு இந்தக் கதி. கேட்டதற்கு, "திருடுறேன்னு சொல்றீங்களாக்கா?" என்றாள். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். தீபாவளியிலிருந்து பேச்சில்லை. வலிக்கத்தான் செய்கிறது.

ஜனவரி 22

எட்டாம் வகுப்பு அறிவியலில் 'மாதிரி' (மாடல்) பாடம் தொடங்கினேன். புத்தகத்துப் படத்தைப் பார்த்து வரைந்தால் போதாது. கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று எப்படி நடக்கிறது என்று நீங்களே யோசித்துச் செய்ய வேண்டும் என்றேன். எதற்கு மாதிரி செய்வது? மாடிக்கு ஏன் தண்ணீர் ஏறுவதில்லை — இந்தக் கேள்வியைக் கொடுத்தது நான்தான். அந்த வகுப்பில் நாஜியாவின் மகள் இன்ஷாவும் இருக்கிறாள். தெரிந்தேதான் கொடுத்தேனா?

ஜனவரி 24

ஊசி இல்லாத சிரிஞ்சு இரண்டு, குளுக்கோஸ் ஏற்றும் குழாய், ஒரு வாளி. ஒரே குழாயில் சிரிஞ்சு ஒன்றைக் கீழேயும் ஒன்றை மேலேயும் மாட்டி, இரண்டையும் ஒன்றாக இழுத்தால் கீழ் சிரிஞ்சு நிறைகிறது, மேலே கொஞ்சம்தான். கீழ் வீட்டு மோட்டார்தான் குற்றவாளி என்று முன்வரிசை ஆபித் தீர்ப்பே சொல்லிவிட்டான். எனக்கு உள்ளம் குளிர்ந்தது. இன்ஷா மட்டும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எங்க மோட்டார நிறுத்தினா உங்களுக்குத் தண்ணி வரணும். வருதான்னு பாப்போமா, சயாமா?"

மாதிரி சொல்வதை வெளியே போய்ச் சோதிக்க வேண்டும் என்று இந்த சயாமா, இந்த டீச்சர், இன்னும் சொல்லித்தரவே இல்லை.

ஜனவரி 25

இன்ஷா அம்மாவிடம் கேட்டு மோட்டாரை நிறுத்த வைத்தாள். நான் என்னுடையதைப் போட்டேன். காற்று. வெறும் காற்று. ஐயோ, அப்ப காரணம் அவ இல்லியா?

ஜனவரி 27

மாதிரி பொய்த்துவிட்டது என்று வகுப்பில் சொன்னேன். தூக்கிப் போட்டுவிடலாம் என்றான் ஆபித். வேண்டாம், அதில் எதை விட்டுவிட்டோம் என்று தேடுவோம் என்றேன். காற்று எங்கிருந்து வந்தது? இன்ஷா முக்காட்டு ஊக்கைக் கழற்றி மேல் குழாயில் ஒரு துளை குத்தினாள். இழுத்தாள். குமிழிதான் வந்தது, தண்ணீர் ஏறவே இல்லை. என் மோட்டாரில் வந்த அதே காற்று!

ஜனவரி 28

துளை இருந்தால் அது காற்றை உறிஞ்ச வேண்டும். மோட்டாரைப் போட்டுவிட்டு, குழாயை ஒட்டி ஊதுபத்தியைப் பிடித்தபடி நானும் இன்ஷாவும் படியிறங்கினோம். முதல் மாடி இணைப்பில் புகை வளைந்து உள்ளே போனது. என் குழாய் — என் ஓட்டை.

கீழே வாசலில் நாஜியா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "தப்பாச் சொல்லிட்டேன், நாஜியா" என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தாமல் என்ன செய்வாள்?

ஜனவரி 31

இணைப்பு மாற்றியாகிவிட்டது. தண்ணீர் கொட்டுகிறது. சந்தோஷம்தான் இல்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

நாஜியா படியேறி வந்தாள். உள்ளே வரவில்லை.

"இப்ப எங்களுக்குச் சரியா வரமாட்டேங்குது."

ஒரே குழாயை இருவரும் சேர்ந்து இழுத்தால் குறையத்தானே செய்யும். பிள்ளைகளின் முதல் மாதிரியும் முழுப் பொய் இல்லை! அதைப் பற்றி அவளிடம் வாசலிலேயே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன். அவள் கையமர்த்தினாள். முறை வைத்துக்கொள்வோம், நான் முடித்ததும் சொல்கிறேன் என்றுவிட்டு இறங்கிப் போனாள்.

பிப்ரவரி 3

மின்சாரம் வந்தது. மோட்டார் சுவிட்சுக்குப் போன கையை இழுத்துக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து குரல்:

"அக்கா, போடுங்க."