சபை கேட்டில் கட்டிய ஃபிளெக்ஸ்

நவம்பர் 15, சனி

விடிந்ததிலிருந்து தூறல். அச்சில் ஊற்றின அகல் விளக்கு ஒன்றும் காயவில்லை. கார்த்திகை தீபத்துக்கு ஆர்டர் கொடுத்தவர் தினமும் போன் போட்டு உயிரை எடுக்கிறார். மழையை நானா வரவழைத்தேன்? கூட வேலை செய்கிற மும்தாஜ் மங்கலம்பேட்டையிலிருந்து வர லேட். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லையாம். ஷெட்டில் நாங்கள் இருவர் மட்டும். விளிம்பு தேய்த்தே கை எரிகிறது.

சாயங்காலம் மகள் ஜெபா போன். சபைக்காரர்கள் ஹலோவுக்குப் பதில் சொல்கிற "ஸ்தோத்திரம்" நாக்கு நுனிவரை வந்துவிட்டது, முழுங்கினேன். மூன்று வருஷமாகியும் பழகவில்லை. அங்கே போனை ஒட்டுக்கேட்பார்கள் என்று பயம். ஊழியம், ஜெபம், சபை, எதையும் பேசக்கூடாது. ஊர் உலகத்துக்கு மாப்பிள்ளை டைல்ஸ் கம்பெனியில் சூளை சூப்பர்வைசர். பொய்யும் இல்லை, இங்கே செராமிக் படித்தவர்தானே. மிஷனரி வேலை வீட்டுக்குள்ளே மட்டும். அந்த நாட்டின் பேரை இந்த நோட்டில்கூட நான் எழுதுவதில்லை.

புறப்பட்ட அன்று ஸ்டேஷனில் சொன்னாள்: "ஊருக்குத் திரும்பி வந்து எறங்குற அன்னிக்கு வாய் நெறைய ஸ்தோத்திரம் சொல்றேம்மா. அதுவரைக்கும் ஹலோதான்." இவர்கூடச் சிரித்தார். அன்றிலிருந்து ஹலோதான்.

இன்று அவள் சொன்னது: காலையில் தண்ணி லாரி. மாப்பிள்ளைக்கு டிபன். பாப்பாவுக்குச் சளி. நேற்று வெள்ளி லீவு, "விருந்தாளிங்க வந்திருந்தாங்க." விருந்தாளி என்றால் ஆராதனைக்கு வருகிறவர்கள். ஜன்னலைச் சாத்தி, டிவியை அலறவிட்டு, வாய்க்குள்ளேயே பாட்டு. பாப்பா இப்போதெல்லாம் குரல் கொஞ்சம் உயர்ந்தால் தானே தன் வாயைப் பொத்திக்கொள்கிறதாம். நாலு வயசுப் பிள்ளை. ஜெபா பெருமையாகச் சொன்னாள்.

வைப்பதற்கு முன்னால் சும்மா சொல்வதுபோல ஒன்று சொன்னாள். எதிர்த்த பக்கம் ஒரு வெள்ளைக் கார் வந்து நிற்கிறதாம், அதிலிருந்து யாரும் இறங்குவதே இல்லையாம்.

நாளை சபை நாள், சபையின் ஆண்டு விழா. இவர் வேட்டிக்குக் கஞ்சி போடவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

சபை கேட்டில் என் மகள் தொங்குகிறாள். எழுதவே கை வரவில்லை. கேட் உயரத்துக்கு ஃபிளெக்ஸ். ஜெபா, மாப்பிள்ளை, நடுவில் பாப்பா. "எங்கள் சபை தந்த மிஷனரிக் குடும்பம்". அதன் கீழே நாட்டின் பேர். பக்கத்தில் கொடி வேறு. கொடி போடச் சொன்னது இவர் யோசனையாம். கமிட்டி மெம்பர் அல்லவா. படம் என் போனிலிருந்து எடுத்தது, என்னைக் கேட்காமலே.

கேட்டிலேயே இவர் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன். "இது விருத்தாசலம். இங்க கட்டுனது அங்க யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள், கர்த்தருக்காகப் போன பிள்ளைகளுக்கு வைக்கக்கூடாதா என்று கேள்வி.

அப்போதே அவிழ்க்க வைத்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்து, கொடுத்து வைத்தவங்க என்றார்கள். பாஸ்டர் மேடையில் எங்களை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. வாலிபப் பிள்ளைகள் ஃபிளெக்ஸ் முன்னால் நின்று படம் எடுத்துத் தள்ளினார்கள்.

பிரியாணியில் உப்பு அதிகம்.

நவம்பர் 18, செவ்வாய்

நேற்றும் இன்றும் ஜெபாவிடமிருந்து காலைப் பூப்படம் வரவில்லை. தினமும் ஒரு பூ அனுப்புவாள், வசனம் இருக்காது. பாப்பாவுக்குச் சளி முற்றிவிட்டதோ என்று நினைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன்.

மும்தாஜ் வேலையில் உட்காரவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்தாள். "யக்கா, கோவிச்சுக்காதீங்க. எம் பையன் அனுப்புனான்." போனைக் காட்டினாள். சபை கேட். ஃபிளெக்ஸ். பாப்பா சிரிக்கிறது.

அவள் மகனும் ஜெபா இருக்கிற ஊரில்தான், டிரைவர் வேலை. ஒரு தடவை இவள் கொடுத்தனுப்பிய வத்தலையும் வடகத்தையும் ஜெபா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தவன். அங்கே இருக்கிற நம்ம ஊர் ஆட்கள் குரூப்பில் இந்தப் படம் இரண்டு நாளாகச் சுற்றுகிறதாம். முதலில் எங்க ஊர் பொண்ணு என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் யார் யாருக்கோ போயிருக்கிறது.

"மொதல்ல அதக் கழட்டச் சொல்லுங்க. அங்க இதெல்லாம் தெரிஞ்சா ஜெயிலுதாங்க்கா" என்றாள். அழுதது அவள்தான். எனக்கு அழுகை வரவில்லை.

இவர் மழையிலேயே ஏணி போட்டு ஏறி, பிளேடால் கயிற்றை அறுத்தார். வாலிபப் பிள்ளைகள் ஸ்டேட்டஸில் போட்டதையெல்லாம் பாஸ்டர் எடுக்க வைத்தார். கேட்டில் இருந்ததைக் கழற்றியாயிற்று. ஊரான் போனில் இருப்பதை எந்த ஏணி வைத்துக் கழற்றுவது?

ஃபிளெக்ஸை வீட்டில் வைக்க மனசில்லை, எரிக்கவும் மனசில்லை. ஷெட் ஓரம் ஒழுகுகிறது. படம் கீழே பார்க்கும்படி போட்டு அகலை மூடினேன்.

நவம்பர் 20, வியாழன்

ஜெபா போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. மாப்பிள்ளை போன் அடிக்கவே இல்லை.

இவர் சாப்பிடுவதில்லை. தட்டை வைத்தால் தட்டையே பார்க்கிறார். திட்டலாம் என்றுதான் வாயைத் திறக்கிறேன். அந்த மூஞ்சியைப் பார்த்தால் திட்டவும் முடியவில்லை. எழுந்து நின்றவள் நானும்தானே.

பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார். சபையில் உபவாசக் கூட்டம் வைக்கலாமா, எல்லாருக்கும் மெசேஜ் போடட்டுமா என்றார். ஐயா, கும்பிடுகிறேன், இனிமேல் எங்கள் பிள்ளைகளைப் பற்றி யாருக்கும் எதுவும் போடாதீர்கள் என்றேன். பாஸ்டரிடம் இப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை.

பால் திரிந்துவிட்டது. கேஸ் புக் பண்ணவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

மும்தாஜ் மகன் லீவு நாளில் ஜெபா வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறான். தெருவில் நிற்காமல் வண்டியில் மெதுவாகப் போனானாம். அதற்கே அந்தப் பிள்ளைக்கு எத்தனை தைரியம் வேண்டும். அவனை இனிமேல் போக வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். ஒரு தாய் பயப்படுவது போதும்.

அவன் சொன்னது: கதவு சாத்தியிருக்கிறது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது. கொடியில் பாப்பா கவுன் காய்கிறது. வாசலில் மாப்பிள்ளை செருப்பு.

எதிர்த்த பக்கம் வெள்ளைக் கார் நிற்கிறதா என்று கேட்கச் சொன்னேன். இல்லையாம். அங்கே எந்தக் காரும் இல்லையாம்.

கார் போய்விட்டது, நல்லதுதானே என்கிறார் இவர். காத்திருந்தவர்கள் ஏன் போவார்கள்? அதை இவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 22, சனி

மழை விட்டது. நல்ல வெயில். ஷெட்டில் காற்று ஃபிளெக்ஸைப் புரட்டிப் போட்டிருக்கிறது, மூன்று பேர் முகத்திலும் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. முந்தானையால் துடைத்தேன். மும்தாஜ் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள்.

அகல் சூளைக்குப் போய்விட்டது. ஆர்டர்காரர் போன். எடுக்கவில்லை, லைன் ஃப்ரீயாக இருக்கட்டும்.

சாயங்காலம், ஜெபா கூப்பிடுகிற நேரம். இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் அடுப்படியில், போன் அரிசி டின் மேல். போன் அடிக்கவில்லை. டிங் என்று ஒரு சத்தம். அவள் நம்பரிலிருந்து வாய்ஸ் மெசேஜ்.

"ஸ்தோத்திரம்மா. அப்பாவுக்கும் ஸ்தோத்திரம் சொல்லு. பாப்பா என்கூடதான் இருக்கா."

அவ்வளவுதான். அழவில்லை. நிதானமாகச் சொல்கிறாள். பின்னால் ஏதோ இரும்புக் கதவு சாத்துகிற சத்தம். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கே இருக்கிறாள் என்று இல்லை. மறைக்க இனி ஒன்றுமில்லாத குரல்.

திரும்பப் போட்டேன். இன்னொரு தடவை போட்டேன். ஹலோ என்று சொல்லிவிடமாட்டாளா என்று காதில் வைத்து அழுத்திக் கேட்டேன். ஸ்தோத்திரம் என்றுதான் சொல்கிறாள்.

வாசலில் நாற்காலி நகர்கிற சத்தம். இவருக்கும் அந்த முதல் வார்த்தை கேட்டுவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே கேட்கிறார்: "வந்து எறங்கிட்டாங்களா?"