எட்டு நிமிடம்

குட்டிம்மா,

நேற்று போனில், "நீங்க கீழ இருக்கிற தைரியத்துலதான்ப்பா நான் மேல பறக்கிறேன்" என்றாய். வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மதியம், தரையிலிருந்து நம் கம்பெனி விமானங்களுக்குச் செய்தி அனுப்பும் என் மேசையில் இருந்தபோது, ஒரு விமானி என்னைக் கூப்பிட்டு, "இங்க மேகமே இல்ல சார், ஆனா தூக்கித் தூக்கிப் போடுது. பின்னால வர்றவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார். அவருக்குப் பின்னால் அதே வழியில் இரண்டு விமானங்கள். கடைசியில் வந்தது நீ ஓட்டியது. உனக்கு முன்னால் இருந்தவர்களுக்குத்தான் நான் முதலில் செய்தி அனுப்பியிருக்க வேண்டும். உனக்கு அனுப்பினேன். அதோடு விட்டேனா? "சரி, உயரத்தை மாற்றுகிறேன்" என்று உன் பதில் வரும்வரை திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு நிமிடம். அவர்களுக்குச் செய்தி போனபோது விமானம் குலுங்கிக்கொண்டிருந்தது. பணிப்பெண் ஒருத்தி கூரையில் மோதி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

விசாரணையில் "அவங்களுக்கு லைன் கிடைக்கல" என்று சொல்லிவிட்டேன். முப்பது வருட சர்வீஸ் ஆயிற்றே, யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

இன்று காலை மேலாளரிடம் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஊரார் சொல்லி நீ கேட்கக் கூடாது.

ஒன்றை மட்டும் அந்தக் காகிதத்தில் எழுத முடியவில்லை. நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மெனக்கெட்டுப் பார்க்க வந்தீங்களே சார். உங்களுக்கும் பொண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டேன், குட்டிம்மா.

தலை நிமிர முடியாமல்,
உன் அப்பா