பின்சீட்டுல ஆண்டிச்சாமி

குளத்துப்பட்டி
ஐப்பசி 22, 1962

அன்பு மகன் சோலைமுத்துவுக்கு, ஒங்கய்யா பொம்மையன் வாயால சொல்ல கிறிஸ்துராஜ் வாத்தியார் கையால எழுதுற லெட்டர். இங்க நானு, ஒங்காத்தா, தங்கச்சி சண்முகவள்ளி, ரெண்டு காளை, போன மாசம் பசு போட்ட கன்னு எல்லாரும் நல்லா இருக்கோம். அங்க மலாயாவுல நீயும் நீ வாங்கியிருக்குற மோட்டார் சைக்கிளும் ஒரு கொறையும் இல்லாம இருக்கணும்னு முத்தாலம்மனக் கும்பிட்டுக்கிறோம்.

ஒன் லெட்டரும் போட்டாவும் செவ்வாக்கெழம வந்துச்சு. அன்னைக்குத்தான் நல்ல மழை, மேக்கால வரப்பு ஒடஞ்சு தக்காளி நாத்தெல்லாம் மெதந்துருச்சு, அத அள்ளிக்கிட்டு இருக்கையில போஸ்ட்மேன் கரையில நின்னு கத்துறாரு, நான் சேத்துக் கையோட வாங்கப் போக அவரு தர மாட்டேன்னுட்டாரு, போட்டா அழுக்காகிப் போகுமாம், கை கழுவிட்டு வான்னுட்டாரு. அப்படி வாங்குன போட்டா. வண்டி நல்லாத்தான் இருக்கு. டயருல கட்டகட்டயா பல்லு வச்சிருக்கு, பொகக் கொழாய எடுப்பா மேல தூக்கி வச்சிருக்கு, ஆத்துக்குள்ள எறங்குனாலும் தண்ணி போகாதுன்னு நீ எழுதியிருந்தத வாத்தியார் ரெண்டு தடவ படிச்சாரு. ஊருக்குப் போன வெள்ளக்காரத் தொரை வித்த வண்டி, ரப்பர் காட்டுக்குள்ள ரோடே வேணாமாமே. எனக்குப் பொறாமையா இருக்குடா. பெத்த மகன் வண்டியப் பாத்து எவனாச்சும் பொறாமப்படுவானான்னு வாத்தியார் பேனாவக் கீழ வச்சுட்டாரு, நான்தேன் எழுதுங்கன்னேன். திண்டுக்கல் சந்தையில புளிக் கமிசன் கடைக்கு ஒரு காண்ட்ராக்டர் மோட்டார் சைக்கிள்ல வருவாரு, ஒருநா அதோட சீட்ட லேசாத் தொட்டுப் பாத்தேன், வெயில்ல தோசக்கல்லு கணக்காச் சுட்டுச்சு, அதுக்குள்ள அந்தாளு யோவ்னு ஒரு சத்தம் போட்டாரு. எனக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இருக்குற பழக்கம் அம்புட்டுத்தான்.

ஆனா அதவிடப் பெரிசு ஒண்ணு இருக்கு. ஒனக்குப் பின்னால தோள்ல கையப் போட்டு உக்காந்திருக்கானே ஒருத்தன், அவன் யாருன்னு ஒனக்குத் தெரியாது. நீ என்னடான்னா, நத்தத்துக்காரரு, தோட்டத்துல கங்காணியா இருந்து ஓஞ்சவரு, நாதியில்லாதவரு, வண்டி ஓட்டப் பழகுனப்பக் கூடவே இருந்தவரு, மொதத் தடவ அவரத்தான் ஏத்திக்கிட்டுப் போனேன், அவரு கையாலதான் சக்கரத்துல எலுமிச்சம்பழம் வச்சோம், நான் அவர அய்யான்னுதான் கூப்புடுவேன், அப்படியெல்லாம் எழுதியிருக்க. அந்த இடத்துல வாத்தியாரத் திருப்பிப் படிக்கச் சொன்னேன். அய்யான்னுதான் போட்டிருக்குன்னாரு. போட்டாவ வெளிச்சத்துல புடிச்சு அந்த மூஞ்சிய மறுபடியும் பாத்தேன், அவனேதான். ஒங்காத்தா இருக்காளே, அவ போட்டாவ வாங்கிப் பாத்துட்டு, பாவம் இந்த மனுசன் எலும்பா இருக்காரேங்குறா. முப்பது வருசமா நானும் எலும்பாத்தான் இருக்கேன், ஒருநாளும் அவ கண்ணுல படல.

அவன் பேரு ஆண்டிச்சாமி. எனக்கு ஆறு மாசம் எளயவன். அப்ப எங்க ரெண்டு பேருக்கும் இருவத்தஞ்சு வயசு, சித்திரையில நத்தம் ரோட்டுல மாட்டுவண்டிப் பந்தயம், என் காளை ரெண்டும் செவலை, மூக்கணாங்கயிறு இழுக்காமலே பேச்சுக் கேக்கும், அதுல ஒண்ண எங்கப்பன் நெய்க்காரப்பட்டியில போயி புடிச்சாந்தாரு, அது தனிக் கத. நான்தான் முந்திப் போறேன். புளியமரத்து வளைவுல எல்லாரும் ரோட்டச் சுத்துறோம், இந்தப் பய என்ன செஞ்சான், வண்டியக் காஞ்ச கண்மாய்க்குள்ள எறக்கிட்டான். குண்டுங்குழியும் கருவமுள்ளுமா கெடக்கு, அதுல குறுக்க விழுந்து அந்தப் பக்கம் கரையேறி எனக்கு முன்னால போயிச் சேந்துட்டான். ரோட்டுலதான் போகணும்னு யாருமே சொல்லலன்னு அவனுக்கே வேட்டியும் துண்டும் குடுத்துட்டாங்க. அந்தத் துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு மக்கா நாளு காலையில எங்க கெணத்துமேட்டுக்கு வந்தான். ஏலே பொம்மையா, கப்பல் ஏறுவோம் வாரியான்னான். கத்திரிச் செடிக்கு யாரு தண்ணி பாச்சுறதுன்னு நான் கேட்டேன். சிரிச்சுட்டுப் போனவன்தான்.

இப்ப ஒனக்குச் சேத்துல வண்டி ஓட்டப் பழக்குனவன் அவன்தேன். நிக்காத, நின்னா பொதைஞ்சிரும், முறுக்கிக்கிட்டே போன்னு சொல்லிக் குடுத்தானாமே. அது சரிதான், இல்லங்கல. ஆனா எறங்கி நடந்து பாத்துட்டு அப்புறம் வண்டிய விடணும்னு நான் சொல்லியிருப்பேன், அதச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு இல்லாமப் போச்சு. ஒனக்கு நடக்கப் பழக்குனேன், நீந்தப் பழக்குனேன், ஏர் புடிக்கப் பழக்குனேன், இந்த ஒண்ண அவன் குறுக்க வந்து எடுத்துக்கிட்டான்.

தை மாசம் லீவுல வாரப்ப அவரையும் கூட்டியாரவா, நம்ம வீட்டுலயே வச்சுக்கலாமான்னு நீ கேட்டதுக்கு நாலு நாளா நான் பதில் சொல்லல. வேணாம்னு எழுதச் சொல்லி வாத்தியாரு அந்த ஒரு வார்த்தைய எழுதியும் ஆச்சு, அந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் இத எழுதுறோம். ஒங்காத்தா சொன்னா, ஆளில்லாம அந்த மண்ணுல செத்தான்னு லெட்டர் வந்தா ஒமக்குச் சோறு எறங்குமான்னா. எறங்காது. கூட்டிட்டு வா. மாட்டுக்கொட்டாய்க்கு அடுத்த அறையச் சுத்தம் பண்ணி வைக்கிறோம். ஆனா ஒண்ணு, கப்பல் ஏறுறதுக்கு முன்னாலயே அவனக் கூப்புடுற பேர மாத்திரு. சித்தப்பான்னு கூப்புடு. அவன் கேட்டா அய்யா சொல்லச் சொன்னாருன்னு சொல்லு. திண்டுக்கல் ஸ்டேசனுக்கு நானே வண்டி கட்டிக்கிட்டு வாரேன். முன்னால எம்பக்கத்துல நீ உக்காரு. ஆண்டிச்சாமி பின்னால உக்காந்து வரட்டும்.

கண்ணு படாம, கைகால் நோகாம, போற பாதையெல்லாம் ஒனக்கு நல்லதா அமையட்டும்னு நானும் ஆத்தாளும் ஆசீர்வாதம் பண்ணுறோம். எந்த ரயில்ல வாரீங்கன்னு மறக்காம முன்கூட்டியே எழுதிப்போடு, வண்டி அச்சுக்கு மை போடணும், வைக்கோல் விரிக்கணும்.

இப்படிக்கு,
ஒன்னப் பெத்த அய்யா
பொம்மையன், கைநாட்டு