நாலாவது கட்டம்

போப்ஜிகா,
19 அக்டோபர் 2012

கோயம்புத்தூர் வெயிலில் காயும் என் மகள் செல்தெனுக்கு, அடுப்பை விட்டு நகராத உன் அம்மா யாங்கி எழுதுவது. இங்கே நானும் நலம், பசுவும் நலம். உன் அப்பாவின் முழங்கால்தான், வயல் வேலை என்றால் வலிக்கிறது, அம்பு எய்யும் போட்டி என்றால் சரியாகிவிடுகிறது.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் நான் மட்டும்தான் பேசுவேன், அதற்காகவே எழுதுகிறேன். பெரியவர்கள் வகுப்பில் ஆறு மாதம் படித்த எழுத்து, கோழி கிளறிய மாதிரி இருக்கும். டாக்டர்கள் எழுத்தையே படிக்கிற நர்ஸுக்கு இது என்ன கஷ்டமா?

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை உன் அப்பாவிடம் காட்டவில்லை. நாட்டில் இந்திய ரூபாய் தீர்ந்துகொண்டே வருகிறது, வெளிநாட்டில் படிக்கிற எங்களாலும்தான் தீர்கிறது, அதனால் படிப்பை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பக்கம். அவர் ஏற்கெனவே துக்கத்தில் இருக்கிறார். ரூபாய் போய்விடும் என்று கார் இறக்குமதியைத் தடுத்துவிட்டார்கள். கார் வாங்க நம்மிடம் எந்தக் காலத்தில் பணம் இருந்தது? ஆனாலும், "வாங்கலாம்னுதான் இருந்தேன், கவர்மென்டு கெடுத்துடுச்சு" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இந்த முறை உருளைக்கிழங்கு மூட்டைகளோடு நானே லாரியில் ஏறி, எல்லையில் இருக்கிற புன்ட்ஷோலிங் வரை போனேன். ஏலக் களத்தில் அன்றைக்கு நம் கிழங்குக்குத்தான் நல்ல விலை. எல்லைக்கு அந்தப் பக்கத்து இந்திய வியாபாரி ஒருவர் ஒரு கிழங்கை எடுத்து, முட்டையைத் தாங்குவது போல உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எண்பது மூட்டையும் அவர் ஒருவருக்கே போயிற்று. நான் ஒன்றும் பெருமைப்படவில்லை. எதிரே வந்த நாலைந்து பேரிடம் மட்டும் சொன்னேன்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். வியாபாரி கொடுத்த ரூபாய் நேராக அரசாங்கத்துக்குப் போய்விட்டது. என் கைக்கு வந்தது நம் நாட்டுப் பணம், நுல்ட்ரம். இரண்டும் ஒன்றுக்கு ஒன்று, ஒரே மதிப்பு, பிறகென்ன என்று மடியில் முடிந்துகொண்டு வங்கிக்குப் போய், சில்லறை மாற்றுவது போல ரூபாய் கேட்டேன். ஜன்னலில் இருந்தவர், மதிப்பெல்லாம் ஒன்றுதான், ரூபாய்தான் இல்லை என்றார். மாணவர்களுக்கு இந்த மாதம் ஒதுக்கியது தீர்ந்துவிட்டதாம், அடுத்த மாதம் வரவேண்டுமாம். இந்த மாதம் முப்பத்தொன்றுக்குள் கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்கிறது உன் கல்லூரிக் கடிதம்.

நான் நகரவில்லை. ஏலச் சீட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தேன்.

"தம்பி, காலையில இந்த ரூபாயக் கொண்டாந்ததே நான்தான். மத்தியானம் இல்லங்கிறியே, அதுக்குள்ள யாரு தின்னா?"

வரிசையே சிரித்தது. சத்தம் கேட்டு மேனேஜர் வந்து, என்னை உள்ளே கூட்டிப்போய் டீ கொடுத்தார். வாயை அடைக்கத்தான். குடித்துவிட்டும் பேசினேன்.

அவர் மேசையில் ஒரு காகிதம். வரும் பன்னிரண்டு மாதத்தில் நாட்டிலிருந்து வெளியே போகப்போகிற ரூபாயெல்லாம் அதில் வரிவரியாக இருந்தது. மூன்று கட்டம். ஒரு மாதத்துக்குள் போவது, மூன்று மாதத்துக்குள் போவது, ஒரு வருடத்துக்குள் போவது. பெட்ரோல், அரிசி, ரோடு போட வந்தவர்களின் கூலி, இந்திய வங்கியில் வாங்கிய கடன், அதற்கு வட்டி. நம் வயலுக்குள் பன்றி எந்தப் பக்கமாக நுழையும் என்று எனக்குத் தெரிகிற மாதிரி, ரூபாய் எந்தப் பக்கமாக வெளியேறும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. பாவம், அவருக்கும் காவல் வேலைதான்.

இதில் என் மகள் எங்கே என்று கேட்டேன். 'படிப்புச் செலவு' என்ற வரியைத் தொட்டுக் காட்டினார். அரிசிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாய். எனக்குச் சுருக்கென்றது.

"சார், பெட்ரோல் எரிஞ்சு போயிடும். அரிசி வயித்துக்குள்ள போயிடும். எம் பொண்ணு திரும்பி வருவா. அத எந்தக் கட்டத்துல எழுதியிருக்கீங்க?"

எப்போது வருவாள் என்று கேட்டார். ஒன்றரை வருடத்தில் என்றேன். காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல ஒரு வருஷத்துக்கு மேல எடமில்லையேம்மா."

"அப்ப காகிதம்தான் சின்னது சார்."

நல்லவேளை, சிரித்தார். பிறகு தலைநகர் திம்புவுக்குப் போன் போட்டு வெகுநேரம் பேசினார். மாணவர்களுக்கு ஒதுக்கியதில் யாரோ வாங்காமல் விட்ட பங்கு கொஞ்சம் இருந்ததாம். பாதிப் பணம் இந்த மாதமே வரும், மீதி அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள். உன் கல்லூரியிலும் அவரே பேசிச் சம்மதம் வாங்கிவிட்டார். கைநாட்டு வைக்கச் சொல்லி மை டப்பாவை நகர்த்தினார்கள். நான் பேனாவைக் கேட்டு வாங்கி, முழுப் பெயரையும் எழுதினேன். பின்னால் வரிசை நின்றது. நிற்கட்டும் என்று நிதானமாகத்தான் எழுதினேன்.

ஆகையால் பெட்டியைக் கட்டாதே. உன் ஒரு வருடச் செலவு அறுபத்தொன்பது மூட்டைக் கிழங்கு. நான் கொண்டுவந்தது எண்பது. உன்னைப் படிக்க வைத்த பிறகும் நாட்டுக்குப் பதினோரு மூட்டை ரூபாய் மிச்சம். அதில் யாராவது பெட்ரோல் போட்டுக்கொள்ளட்டும்.

உன் கல்லூரியில் சேர வரும் கேசாங்கிடம் இந்தக் கடிதமும் காய்ந்த மிளகாயும் கொடுத்திருக்கிறேன். போன தடவை காரம் தாங்காமல் அழுத உன் தமிழ்த் தோழிக்குப் பாலாடைக்கட்டியை அதிகமாகப் போட்டுச் சமைத்துக் கொடு.

இன்னொன்று. படித்து முடித்த பிள்ளைகள் அங்கிருந்து இன்னும் தொலைவாகப் போய்விடுகிறார்கள் என்று ஏலக் களத்தில் ஒருத்தி சொன்னாள். அவள் கிழங்கு முழுக்கச் சொத்தை, பேச்சு மட்டும் எப்படி இருக்கும்? நான் காதில் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அடுப்புக்கு மேல் சுவரில் கரித்துண்டால் மூன்று கட்டம் போட்டேன். பக்கத்தில், மேனேஜர் காகிதத்தில் இடமில்லாத நாலாவது ஒன்றும் இழுத்தேன். இது என்ன என்று உன் அப்பா கேட்டார். உங்கள் காரை நிறுத்துகிற இடம் என்றேன்.

அதில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. என் எழுத்துதான் கோழி கிளறியது போல இருக்குமே, நீ வந்து உன் கையால் எழுது. மேனேஜரிடம் பெரிய வாயாகப் பேசிவிட்டு வந்திருக்கிறேன் மகளே. நீ தொட்ட நோயாளிகள் எல்லாரும் எழுந்து நடக்கட்டும்.

சுவரை வெள்ளையடிக்காமல் வைத்திருக்கும்
உன் அம்மா,
யாங்கி